விழுந்தவர் பெயர்

அர்மெல் ரிவோல் முப்பத்தொன்பது பிரெஞ்சுப் படங்களில் செத்திருக்கிறார். பதினோரு படங்களில் துப்பாக்கிக் குண்டு, ஆறில் கத்தி, நான்கில் கார், ஒன்றில் மட்டும் காதல் தோல்வியால் ரயில். மீதிப் படங்களில் அவரை எதற்காகக் கொன்றார்கள் என்பது அவருக்கே தெரியாது. அவையெல்லாம் விருது வாங்கிய படங்கள்.

பெரிய நடிகர் அடிபட வேண்டிய இடத்தில், அந்த நடிகருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு அடிபடுவது அவர் தொழில். முப்பது வருடத்தில் அந்தத் தொழில் அவருக்கு ஒரு கேட்காத காதும், கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டும், மழை வருவதை முன்கூட்டியே சொல்லும் முழங்காலும் கொடுத்திருந்தது. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. 1996ல் வந்த 'உப்புப் படிக்கட்டு' படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அந்தப் படத்தைத் தெரியாத பிரெஞ்சுக்காரர் கிடையாது. மூன்று பேர் நாயகனைப் பதினான்கு நிமிடம் ஒரே ஷாட்டில் அடிப்பார்கள். பிறகு நாலாவது மாடியிலிருந்து உதைத்துத் தள்ளுவார்கள். எழுபத்திரண்டு படி உருண்டு தரைக்கு வந்து சேர்வான். நாயகனாக நடித்தவர் பெர்ட்ராண்ட் தெ லார்னாஜ். உருண்டவர் அர்மெல். ஆனால் படம் வந்த வாரமே லார்னாஜ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, "விழுந்தது நான்தான். வேற ஒருத்தர் வலியைக் கடன் வாங்கி நடிக்க எனக்கு வராது" என்று சொல்லிவிட்டார். தயாரிப்பாளர் உடனே பட்டியலிலிருந்து அர்மெலின் பெயரை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து லார்னாஜ் இடது காலை லேசாகச் சாய்த்து நடக்கிறார். அர்மெலுக்கு அந்த விழுதலில் அடிபட்டது வலது பக்கம்.

இருபத்தேழு வருடமாக, பாரிஸை ஒட்டிய மோன்த்ரோயில் பெல்காசெமின் காப்பிக் கடையில் அர்மெலுக்கு இதனால் நிம்மதி இல்லை. வருடத்துக்கு ஒரு முறை அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுவார்கள். மறுநாள் காலை பெல்காசெம் கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்பான்.

"என்ன விழுந்தவரே, நேத்து உங்களைப் பாத்தோம். மூஞ்சி மட்டும் வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு."

அர்மெல் பதில் சொல்லமாட்டார். அவருடைய மனைவி மிரேய் பஸ் ஓட்டுகிறவள், அவள் சொல்லுவாள். ஒருமுறை சர்க்கரைக் கிண்ணத்தை எறிந்தும் சொல்லியிருக்கிறாள்.

இந்த நிலையில்தான் 'அண்மைக் காலக் குறிப்பிடத்தக்க பிரெஞ்சுப் படங்களுக்கான நிரந்தர மன்றம்' ஒரு அறிவிப்பு வெளியிட்டது. நிரந்தரம் என்ற சொல் படங்களைக் குறிக்கவில்லை, உறுப்பினர்களைக் குறித்தது. ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்து, பெயர்ப் பட்டியலைத் திருத்தி, பெரிய புத்தகமாக அச்சடித்து முத்திரை வைக்கப் போகிறார்கள். அதன் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது. 'உப்புப் படிக்கட்டு' அதில் மூன்றாவது படம். பெயர் விடுபட்டவர்கள் நேரில் வந்து நிரூபிக்கலாம்.

"போ. இந்தத் தடவை விட்டா நீ செத்தப்புறமும் பெல்காசெம் கிண்டல் பண்ணுவான்" என்றாள் மிரேய்.

"நிரூபிக்கணும்னா என்ன கேப்பாங்க?"

"என்னத்தக் கேப்பாங்க. கரண்டு பில்லு கேப்பாங்க."

கேட்டார்கள். மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்று, மருத்துவச் சான்று, புகைப்படம் நான்கு. எல்லாவற்றையும் முந்தின நாளே கொடுத்துவிட்டு, நவம்பர் மாதத்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அர்மெல் பாரிஸில் மன்றத்தின் மாளிகைக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் தன் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

"போன்ஜூர்" என்றார் செயலாளர் மதாம் ஓட்பூர், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"இல்ல மதாம், நான் எதுக்கு வந்திருக்கேன்னா..."

"போன்ஜூர், மிஸ்யூ."

அர்மெல் வெளியே போய், கதவைச் சாத்தி, மறுபடி திறந்து, போன்ஜூர் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மதாம் ஓட்பூர் அதையும் எழுதினார். அவர் எல்லாவற்றையும் எழுதுவார். யார் இருமினாலும் எழுதுவார். விதி ஏழின்படி தலைவர் தன் வாயால் 'அமர்வு முடிந்தது' என்று சொல்லும்வரை அங்கே நடப்பதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பு.

நீள மேசையின் நடுவில் மன்றத் தலைவர் உட்கார்ந்திருந்தார். தலைவர் பெர்ட்ராண்ட் தெ லார்னாஜ்.

"வாங்க, வாங்க. உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார் லார்னாஜ்.

"உங்க கோட்டைப் போட்டிருந்தேன், மிஸ்யூ."

லார்னாஜின் இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். இடதுபுறம் விமர்சகர் மான்சோ. திரையில் ரத்தம் வந்தால் நாற்பது பக்கமும், வராவிட்டால் எண்பது பக்கமும் எழுதுகிறவர். வலதுபுறம் தத்துவப் பேராசிரியர் ஓடில் பிரஷே. அவர் படமே பார்ப்பதில்லை. பார்த்தால் கருத்து கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை.

"விழுந்தது நீங்கதான்னு சொல்றீங்க. தலைவர் தான்தான்னு சொல்றார். நாங்க ரெண்டு பேரையும் சமமா மதிக்கிறோம். அதனால நீங்க விழுந்து காட்டுங்க" என்றார் மான்சோ.

"இப்பவா?"

"மாடிப்படி பளிங்கு. மூணு மாடிதான் இருக்கு. நாலாவது மாடியை நாங்க மனசுல வச்சுக்கிறோம்."

அர்மெல் கோட்டைக் கழற்றினார். எப்படியோ முடிந்தால் சரி என்றுதான் நினைத்தார். அவர் மேலே போகும்போது பேராசிரியர் பிரஷே கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். அடி வாங்காம விழுந்தா அது விழுதல் இல்ல, வழுக்கல். முன்னாடி பதினாலு நிமிஷ அடி இருக்கே, அது எங்க?"

இதில் உண்மை இருந்தது. மன்றம் கூடி ஆலோசித்தது. படத்தில் அடித்தவர்கள் மூன்று பேர். உறுப்பினர்கள் இரண்டு பேர்தான் தேறினார்கள். தலைவர் அடிபட்டவர் என்பதால் அடிக்க முடியாது. வாயில் காவலரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் பணி ஒப்பந்தத்தைப் பையிலிருந்து எடுத்துப் படித்தார்.

"கதவைத் திறக்கிறது இருக்கு. குடையை வாங்கி வைக்கிறது இருக்கு. அடிக்கிறது இல்ல. எங்க சங்கத்துல கேட்டுட்டுதான் செய்ய முடியும்."

ஆக மூன்றாவது ஆளின் அடியையும் மான்சோவே அடிப்பதாக ஒப்புக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டைக் கையை மடித்தார்.

"முப்பது வருஷமா வன்முறையைப் பத்தி எழுதறேன். ஒருத்தரைக்கூட அடிச்சதில்ல. இது என் எழுத்துல பெரிய குறைன்னு எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அர்மெலின் வாயில் குத்தினார்.

தொழில்காரன் குத்தினால் எங்கே விழும் என்று தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். விமர்சகர் குத்தினால் எங்கே விழும் என்று அவருக்கே தெரியாது. அர்மெலின் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. மான்சோ கையை உதறிக்கொண்டு தன் விரல் முட்டியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஓடில், வாங்க. இதுல ஏதோ இருக்கு."

பேராசிரியருக்குக் கையால் அடிப்பது பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கினார். மதாம் ஓட்பூர் பதறிப்போனார்.

"அது பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலி, மதாம். அதால அடிக்கக் கூடாது. உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

அலமாரியிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி வந்தது. பேராசிரியர் அதைப் பிரித்து, மறுபடி மடக்கி, எடை பார்த்து, அர்மெலின் முதுகில் இறக்கினார். "அடிங்கிறது ஒரு கேள்வி" என்றார். இரண்டாவது முறை இறக்கினார். "ரத்தம் அதுக்குப் பதில் இல்ல. அதுவும் கேள்விதான்." மூன்றாவது முறை ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு வாங்கியது. மான்சோ கீழே கிடந்தவரின் விலாவில் உதைத்துக்கொண்டே ஐரோப்பாவின் மௌனத்தைப் பற்றிப் பேசினார். பதினான்கு நிமிடம் என்பது இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மதாம் ஓட்பூர் ஒவ்வொரு உதைக்கும் ஒரு கோடு போட்டார்.

"மிஸ்யூ, பதினாலு நிமிஷம் தாண்டிடுச்சு" என்றார் அர்மெல், வாயிலிருந்த பல்லைத் துப்பிவிட்டு.

"இது இயக்குநரோட முழு வடிவம்" என்றார் மான்சோ.

பிறகு அவரை மூன்றாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உதைத்தார்கள். அர்மெல் விழுந்தார். விழுவது அவருக்குத் தெரிந்த வேலை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை உள்ளே மடக்கி, பளிங்கின் ஒவ்வொரு விளிம்பையும் முதுகின் சதையில் வாங்கிக்கொண்டு உருண்டார். முதல் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை அடித்தது.

"சாப்பாடு" என்றார் லார்னாஜ்.

அர்மெல் திருப்பத்தில் நின்றார், அதாவது கிடந்தார். உறுப்பினர்கள் அவரைத் தாண்டிக் கீழே போனார்கள். யாரும் மிதிக்கவில்லை. தாண்டும்போது ஒவ்வொருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அவருக்கும் ஒரு தட்டு வந்தது. பச்சைப் பருப்பும் தொத்திறைச்சியும், ஒரு துண்டு கொம்தே சீஸ், அரைக் கோப்பை சிவப்பு வைன். உடைந்த பல்லோடு அவரால் சீஸை மட்டும்தான் சாப்பிட முடிந்தது. நல்ல சீஸ். அதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டரை மணிக்குத் திரும்பி வந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. சாப்பாட்டுக்கு முன் விழுந்த பாதியும் பின் விழப்போகும் பாதியும் ஒரே விழுதலா, இரண்டா? முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. இரண்டு பாகம் கொண்ட ஒரே படைப்பு என்று முடிவாகி, பேராசிரியர் தன் காலணியின் முனையால் அர்மெலைத் தள்ளிவிட்டார். அவர் மீதிப் படிகளையும் முடித்துத் தரையில் வந்து கிடந்தார்.

மான்சோ தீர்ப்பை வாசித்தார். "விழுதல் பிரமாதம். அதுதான் பிரச்சினை. இதுல பயிற்சி தெரியுது. படத்துல விழுற மனுஷன் விழத் தெரியாம விழுறான். உங்களுக்கு விழத் தெரிஞ்சிருக்கு. அப்ப அது நீங்களா இருக்க முடியாது."

அர்மெலுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபத்தேழு வருடம் அடக்கிவைத்தது. "அப்ப அவரை விழச் சொல்லுங்க" என்றார், தரையில் கிடந்தபடியே.

மதாம் ஓட்பூர் நோட்டைப் புரட்டினார். "விதி முப்பத்தொண்ணு. ஒரே செயலுக்கு ரெண்டு பேர் உரிமை கேட்டா ரெண்டு பேரும் அமர்வு முன்னாடி செஞ்சு காட்டணும்."

லார்னாஜ் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். இந்த வீட்டில் இத்தனை படி இருப்பதை அன்றுதான் கவனித்தார். அவர் எப்போதும் லிஃப்டில் போகிறவர்.

"எனக்கு அறுபத்தாறு வயசாகுது" என்றார்.

"அதுக்கும் வழி இருக்கு. தகுதியுள்ள பெரியவங்க ஒரு பதிலியை அனுப்பலாம். பதிலி செஞ்சது பெரியவரே செஞ்சதாத்தான் கருதப்படும்."

லார்னாஜுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, விதியில ஒரு ஞானம் இருக்கு. நான் நேரடியா விழுறதைவிட என் சார்பா விழுறது இன்னும் ஆழமானது. கலைஞன் உடம்பை மட்டும் தந்தா போதாது. சில சமயம் உடம்பைத் தராமலும் இருக்கணும்."

மன்றத்தில் பதிவான பதிலிகளின் பட்டியல் வந்தது. மற்றவருக்குப் பதிலாக விழுவது தொழில் என்று விண்ணப்பத்தில் எழுதியவர்களும் சேர்ந்து அதில் பதினேழு பேர். பதினாறு பேர் மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீதைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர் ஒருவர்தான்.

"அர்மெல் ரிவோல்" என்று வாசித்தார் மதாம் ஓட்பூர். "நேத்துதான் குடுத்திருக்கார். எல்லாம் சரியா இருக்கு."

"நானா? நான் விழலை, அவர்தான் விழுந்தார்னு நிரூபிக்க நான் விழணுமா?"

"மாட்டேன்னா உங்க விண்ணப்பம் ரத்தாயிடும். உங்க விருப்பம்தான்."

அர்மெல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து மிரேய்க்குப் போன் செய்தார். அவள் பஸ்ஸில் இருந்தாள். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது.

"வந்துடு. வேணாம். பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"அந்த ஆளு ஃபாரத்துல கையெழுத்து போட்டுட்டான் மிரேய். 'எனக்குப் பதிலா விழுறவர் அர்மெல் ரிவோல்'னு. அவன் கையால. என் பேரை அவன் எழுதி நான் பாத்ததே இல்ல."

"எந்தப் பக்கமா விழுவ?" என்று கேட்டாள்.

"வலது."

"இடது பக்கமா விழு. வலது ஏற்கனவே போயிருக்கு. நான் வரேன்."

அர்மெல் லார்னாஜின் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். இருபத்தேழு வருடத்தில் லார்னாஜ் பருத்துவிட்டார், கோட்டு தொளதொளவென்று இருந்தது. ஒரு பெரிய நடிகருக்குப் பதிலாக விழுவதால் இந்த முறை அடி இன்னும் மரியாதையாக இருக்க வேண்டும் என்று மான்சோ கருதினார். நாற்காலி வேண்டாம் என்றார். இரும்புக் குடைத் தாங்கியைத் தூக்கினார். முதல் அடி தோளில் இறங்கியதும் காறை எலும்பு முறியும் சத்தம் கீழ்வரை கேட்டது. மதாம் ஓட்பூர் ஒரு கோடு போட்டார்.

தோள் போனதால் கையை மடக்க முடியவில்லை. விழத் தெரியாதவனைப் போலத்தான் அர்மெல் அந்த முறை விழுந்தார். தலை, முழங்கை, முழங்கால் என்று எது முன்னால் வந்ததோ அதில் விழுந்தார். மிரேய் சொன்னது கடைசிப் படியில்தான் ஞாபகம் வந்தது. வலது இடுப்பு பளிங்கில் மோதியது. உள்ளே ஏதோ விட்டுப்போனது. கால் அவர் போகச் சொன்ன பக்கம் போகவில்லை.

"இதுதான்" என்றார் மான்சோ. கண்ணில் ஈரம். "இதுதான் படத்துல பாத்த அதே விழுதல். தலைவரே, எங்களை மன்னிச்சிடுங்க. உங்களைச் சந்தேகப்பட்டோம்."

ஆம்புலன்ஸ் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பறந்தது. வீரர்கள் ஆறு நிமிடத்தில் தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். எல்லோருக்கும் போன்ஜூர் சொன்னார்கள். "விழுந்தது யாரு?" என்று கேட்டார்கள்.

மதாம் ஓட்பூர் விபத்துப் படிவத்தை நீட்டினார். 'விழுந்தவர்' என்ற கட்டத்தில் விதி முப்பத்தொன்றின்படி பெர்ட்ராண்ட் தெ லார்னாஜ் என்று எழுதியிருந்தது. முத்திரையும் இருந்தது.

வீரர்கள் லார்னாஜைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் அவர்.

"அதிர்ச்சியில இருக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க, மிஸ்யூ. அசையாதீங்க."

தரையிலிருந்து அர்மெல் தலையைத் தூக்கினார். வலியில் பேச்சு இழுத்தது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மிஸ்யூ. விழுந்தது நான் இல்லன்னு. விட்டுடுவாங்க."

லார்னாஜ் வாயைத் திறந்தார். மான்சோ பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் ஓட்பூரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருடப் பேட்டிகளும் இடது கால் சாய்வும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

"வலிக்குது" என்றார் லார்னாஜ்.

பட்டைகளை இறுக்கிக் கொண்டுபோனார்கள்.

தலைவர் அமர்வை முடிக்காமலே போய்விட்டார். ஆகவே அமர்வும் அவர் பின்னாலேயே போயாக வேண்டும் என்று மதாம் ஓட்பூர் சொன்னார். நல்லவேளையாக வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. அந்தத் தெருவில் பஸ்ஸே கிடையாது. மிரேய் இறங்கி வந்தாள். கணவரைப் பார்த்தாள். பிறகு மான்சோவைப் பார்த்தாள். அவர் கையில் இன்னும் குடைத் தாங்கி இருந்தது. அதை வாங்கினாள், அவர் முழங்காலில் ஒரு அடி அடித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"இதையும் எழுதிக்கங்க மதாம்" என்றாள்.

"எழுதிட்டேன்" என்றார் மதாம் ஓட்பூர்.

வாயில் காவலரும் மிரேயும் அர்மெலைத் தூக்கிக் கடைசி இருக்கையில் கிடத்தினார்கள். தூக்குவது ஒப்பந்தத்தில் இருந்ததா என்று அவர் அப்போது பார்க்கவில்லை. மன்றத்தார் ஏறினார்கள். மிரேய் ஒவ்வொருவரிடமும் டிக்கெட் கேட்டு வாங்கினாள்.

மருத்துவமனையில் அர்மெலுக்கு எண்பத்து நான்காம் நம்பர் சீட்டு கிடைத்தது. அந்த மாளிகையில் விழுந்தவர் ஒருவர்தான், அவர் வந்தாயிற்று, இன்னொருவர் எப்படி வர முடியும் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். அவருக்கு மூன்று வலி மாத்திரையும், ஐந்து மாதம் கழித்து ஒரு தேதியும் கொடுத்தாள்.

லார்னாஜுக்கு அப்படியில்லை. அறுவை மருத்துவரே ஓடி வந்தார். "உப்புப் படிக்கட்டை ஏழு தடவை பாத்திருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"முறிவே தெரியலையே."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மான்சோ நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அவர் பேசாமல் இருக்க முடியாது.

"முறிவு சட்டகத்துக்கு வெளிய இருக்கு, டாக்டர். நல்ல படம் எல்லாத்தையும் காட்டாது."

மருத்துவருக்கு வெட்கமாகிவிட்டது. ஏழு முறை படம் பார்த்தவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை. லார்னாஜ் இடது காலைச் சாய்த்து நடப்பது நாட்டுக்கே தெரியும். பாதி மயக்க ஊசி போட்டு அறுவை அறைக்குத் தள்ளினார்கள். வாசலில் சக்கர நாற்காலியில் அர்மெல் இருந்தார். மிரேய் அதை ஒரு டாக்டரின் அறையிலிருந்து கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.

"மிஸ்யூ, இப்பவாவது சொல்லுங்க. உள்ள ரம்பம் இருக்கு" என்றார் அர்மெல். அவருக்கு அந்த ஆள்மேல் பரிதாபமே வந்துவிட்டது.

மருத்துவர் குனிந்தார். "விழுந்தது நீங்கதானே, மிஸ்யூ?"

"நான்தான்" என்றார் லார்னாஜ். "வேற ஒருத்தர் வலியைக் கடன் வாங்க எனக்கு வராது."

பச்சை அங்கி மாட்டிக்கொண்டு நோட்டோடு மதாம் ஓட்பூரும் உள்ளே போனார். கதவு மூடியது. முதலில் ரம்பம், பிறகு சுத்தியல். தச்சுப் பட்டறைச் சத்தம் ஒன்றரை மணி நேரம் கேட்டது. நடுவில் ஒரு அலறல். மான்சோ சுவரில் சாய்ந்துவிட்டார். முப்பது வருடமாக எழுதியது எதுவும் அப்போது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மதாம் ஓட்பூர் வெளியே வந்தார். அங்கியில் ரத்தம் தெறித்திருந்தது. நோட்டை விரித்தார். "அமர்வு இன்னும் நடக்குது. குறிப்பை வாசிக்கிறேன். 'தலைவர், இடுப்பெலும்பை வெட்டி எடுக்கும்போது: நான் விழலை. நான் விழவே இல்லை. அந்த ரிவோல்தான் விழுந்தான். அர்மெல் ரிவோல். நான் கீழ சாண்ட்விச் தின்னுட்டு இருந்தேன். கோழி சாண்ட்விச்.' இது அஞ்சு தடவை திரும்பத் திரும்ப வருது. கடைசித் தடவை கோழி இல்லை."

"மயக்கத்துல சொன்னது செல்லுமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"யோசிக்காம சொல்றதுதான் தூய உண்மை. நம்ம நாட்டுல அதுக்கு சர்ரியலிசம்னு ஒரு இயக்கமே இருந்திருக்கு" என்றார் மான்சோ, பலவீனமான குரலில்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரண்டு கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. அர்மெல் மிரேயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எண்பத்து நான்காம் நம்பரை இன்னும் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் புத்தகம் வந்தது. நான்கு கிலோ எடை. பெல்காசெம் அதைக் கவுன்ட்டரில் வைத்து, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினான். மூன்றாவது படம். 'விழுந்தவர்: அர்மெல் ரிவோல்.' இரண்டு முறை வாசித்தான். பிறகு ஒரு கோப்பை கால்வாடோஸ் பிராந்தி ஊற்றித் தள்ளினான். கடையில் இருந்த எட்டுப் பேரும் கை தட்டினார்கள். அர்மெல் எழுந்து நிற்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை.

அதே தபாலில் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். மிரேய் பிரித்துப் படித்தாள். மன்றத்தின் தீர்மானப்படி, நவம்பரில் மாளிகையில் விழுந்தவரும் அர்மெல் ரிவோல்தான் என்று பதிவு திருத்தப்பட்டிருக்கிறது. விழுந்தவருக்கு அன்றே இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்துவிட்டதால், அவருக்குக் கொடுத்த ஏப்ரல் மாதத் தேதி ரத்து செய்யப்படுகிறது. வாரம் மூன்று நாள் நடைப் பயிற்சி மட்டும் அவர் பெயரில் அனுமதிக்கப்படுகிறது.

"வேற ஒருத்தன் இடுப்பை மாத்திட்டு உனக்கு முடிஞ்சிருச்சுங்கிறான்" என்றாள் மிரேய். கடிதத்தைக் கிழிக்கப் போனாள்.

கடைக் கதவு திறந்தது. ஊன்றுகோலோடு லார்னாஜ் நின்றார். இப்போது இடது கால் நிஜமாகவே சாய்ந்திருந்தது. அதைச் சாய்க்காமல் நடக்க எவ்வளவோ முயற்சி செய்தார், முடியவில்லை. உள்ளே வந்து எல்லோருக்கும் போன்ஜூர் சொன்னார்.

"மிஸ்யூ ரிவோல், ஒரு உதவி. பதிவுப்படி நான் விழலை. அதனால எனக்கு ஆபரேஷனும் நடக்கலை. எனக்கு நடைப் பயிற்சி தரமாட்டேங்கிறாங்க. உங்க பேர்ல இருக்கிற தேதிக்கு, உங்களுக்குப் பதிலா நான் போலாமான்னு..."

அர்மெல் கோப்பையைக் காலி செய்தார். "போலாம். ஆனா நானும் கூட வருவேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனையில் காத்திருப்போர் அறை நிறைந்திருந்தது. லார்னாஜை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேர் கையெழுத்து வாங்கினார்கள். பெல்காசெமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். பத்தே கால் மணிக்கு ஒரு பெண் தாளோடு வந்தாள்.

"அர்மெல் ரிவோல்?"

லார்னாஜ் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான்தான்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்த அர்மெல் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க, மதாம். கொஞ்சம் சத்தமா. அவருக்கு ஒரு காது கேக்காது."